வழுதாவூர்ப் பந்தலும் ஹோல்பார்ன் விருந்தும்

1714ஆம் ஆண்டு அக்டோபரில் செஞ்சியில் ஒரு விடைபெறுதல் நடந்தது. 1891ஆம் ஆண்டு ஜூனில் லண்டன் ஹோல்பார்ன் பகுதியில் இன்னொன்று நடந்தது. முன்னதில், ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்க்கக் கோட்டையை விட்டு இறங்கிய செஞ்சித் தலைவன் தேசிங்கு தன் கடவுளிடமும் மனைவியிடமும் விடைபெற்று, தோழனோடு சேர்ந்து களத்துக்குப் போனான். பின்னதில், சட்டப்படிப்பை முடித்த மோகன்தாஸ் காந்தி என்ற மாணவர், கப்பலேறுமுன் நண்பர்களை அழைத்து விருந்து வைத்து விடைபெற்றார்.

இவ்விரண்டையும் அருகருகே வைப்பது முறைதானா என்ற கேள்வி உடனே எழும். ஒன்று சாவை நோக்கிய புறப்பாடு. மற்றொன்று வீட்டை நோக்கிய பயணம். ஒன்றில் குருதி சிந்தியது; மற்றொன்றில் இசையும் உரையும் ஒலித்தன. இந்த வேறுபாட்டைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க முடியும். பிரிவு பற்றி நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருப்பவற்றை இவ்விரண்டும் ஒரே இடத்தில் திருத்துகின்றன. அந்த இடத்தைத் தேடிப் போவதே இக்கட்டுரையின் வேலை. வெளிநாட்டில் படித்து முடித்து, கூடி வாழ்ந்த நண்பர்களை விட்டு ஊர் திரும்பும் இன்றைய மாணவருக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஏதோ உண்டு.

முதலில் வயது. களத்தில் விழுந்தபோது தேசிங்குக்கு வயது 22 என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1869 அக்டோபரில் பிறந்த காந்திக்கு ஹோல்பார்ன் விருந்தன்று 21 நிறைந்து 22 நடந்துகொண்டிருந்தது. தேசிங்கைப் பாடும் நாட்டுப்புறக் கதைப்பாடலின் வீரனையும் பிற்காலத்து மகாத்மாவையும் மனத்திலிருந்து சற்றே விலக்கிப் பார்த்தால், எஞ்சுபவர்கள் இரண்டு இளைஞர்கள். வயதில் இவர்கள் இன்று பட்டம் வாங்கி மேடையிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் போன்றவர்கள்.

அடுத்தது அயல்தன்மை. காந்தி லண்டனுக்கு அயலவர் என்பதைச் சொல்லவே தேவையில்லை. தேசிங்கும் செஞ்சிக்கு அயலவனே என்பதுதான் வியப்பு. தேஜ் சிங் என்ற இயற்பெயர் கொண்ட அவன் புந்தேலா ராஜபுத்திரன். முகலாயர் சார்பில் செஞ்சிக்கோட்டையைக் காத்துவந்த தந்தை சொரூப் சிங் 1714இல் இறந்ததும், புந்தேல்கண்டிலிருந்து வந்து கோட்டைப் பொறுப்பை ஏற்றான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கதைப்பாடலோ அவனைச் செஞ்சி மண்ணின் பிள்ளையாகவே வரித்துக்கொண்டது. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் அண்ணாந்து பார்த்து வளர்ந்த தமிழ்ச் சிறுவர்கள் பல தலைமுறையாக அவனை நம்மூர் ராஜா என்றே அறிந்திருக்கிறார்கள்.

இருவரும் அங்கே தங்கிய காலம் குறைவு. காந்தியின் லண்டன் வாழ்வு மூன்று ஆண்டைத் தொடவில்லை. தேசிங்கின் செஞ்சி வாழ்வு ஓராண்டைக்கூடத் தொடவில்லை. ஓர் ஊரில் ஆழ வேரூன்றப் பல்லாண்டு வேண்டும் என்ற நம் எண்ணத்துக்கு இவை இரண்டும் மறுப்பாக நிற்கின்றன. இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு இன்று பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடுகிறது. அந்த ஓராண்டில் கிடைத்த நட்பைப் பற்றிப் பேசும்போது, இத்தனை சிறிய காலத்துக்கு இத்தனை பெரிய துயரமா என்று கேட்பவர்களுக்குச் செஞ்சியே விடை சொல்லும். ஓராண்டுக்கும் குறைவாக ஆண்டவனை இந்த ஊர் முந்நூறு ஆண்டுகளாக மறக்கவில்லை.

இனி, அவர்களுக்கு வாய்த்த நண்பர்களைப் பார்ப்போம். தேசிங்கின் தோழனைக் கதைப்பாடல் மோவுத்துக்காரன் என்கிறது. முகமதுகான் என்றும் அவனுக்கு வழக்கு உண்டு. ஒருவன் இந்து, மற்றவன் இஸ்லாமியன். ஒருவனுக்குப் பாராசாரிக் குதிரை, மற்றவனுக்கு நீலவேணி. பாடுகிறவர்கள் இருவரையும் ஒருவரில் ஒருவராகக் கரைத்துவிடவில்லை. அவரவர் சமயமும் குதிரையும் ஊரும் அவரவர்க்கே இருக்க, நட்பு மட்டும் பொதுவாக நிற்கிறது.  

காந்தியின் நண்பர்களும் வேற்றுமை வழியாகவே கிடைத்தவர்கள். ஊனும் மதுவும் தொடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு லண்டனில் அவரை முதலில் தனிமைப்படுத்தியது. விருந்துகளில் அவர் உண்ணத்தக்கது ரொட்டியும் வெந்த காய்களுமே. ஆனால் அந்த வாக்குதான் ஃபாரிங்டன் தெருவின் சைவ உணவகத்துக்கு அவரை நடத்திச் சென்றது; சைவ உணவு பற்றிய ஹென்றி சால்ட்டின் நூலைக் கையில் கொடுத்தது; லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம் தேடித்தந்தது. ஜோசையா ஓல்டுஃபீல்டு என்ற ஆங்கிலேயர் அவரோடு ஒரே வீட்டில் தங்கும் அளவுக்கு நெருங்கினார். பேஸ்வாட்டர் பகுதியில் இருவரும் தொடங்கிய சிறிய சைவ உணவுக் கழகத்துக்கு ஓல்டுஃபீல்டு தலைவர், கவிஞர் எட்வின் ஆர்னால்டு துணைத்தலைவர், காந்தி செயலாளர்.

இரண்டு நட்புகளிலும் ஒரே விதி இயங்குகிறது. தம்மை மாற்றிக்கொண்டதால் இவர்களுக்கு நண்பர்கள் கிடைக்கவில்லை. தம் வழக்கத்தை விடாமல் பிடித்திருந்ததாலேயே கிடைத்தார்கள். அயலூரில் கிடைக்கும் நட்புக்கு உரிய தனிக்குணம் இது. சொந்த ஊரில் தெருவும் உறவும் பள்ளியும் நண்பர்களைக் கொடுத்துவிடுகின்றன. அயலூரில் ஒருவர் யார் என்பதே முன்வந்து நின்று நண்பர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே அந்த நட்பைப் பிரியும்போது, அங்கே வெளிப்பட்ட தம்மையும் சேர்த்தே ஒருவர் பிரிகிறார்.

இந்த ஒப்பீட்டின் மிக அழகான ஒற்றுமை விருந்தில் இருக்கிறது. கதைப்பாடலின்படி, போர் அழைப்பு வந்தபோது முகமதுகான் வழுதாவூரில் மணமகனாக இருந்தான். செஞ்சியிலிருந்து ஓலை வந்ததும் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீலவேணி மேல் ஏறினான். விருந்து அப்படியே நின்றது, நண்பன் புறப்பட்டான். ஹோல்பார்னில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நண்பன் புறப்பட வேண்டியிருந்ததால் அங்கே விருந்து தொடங்கியது. வழுதாவூரில் நண்பனைச் சேர்வதற்காகப் பந்தல் கைவிடப்பட்டது. ஹோல்பார்னில் நண்பர்களைப் பிரிவதற்காகப் பந்தி விரிக்கப்பட்டது.

ஹோல்பார்ன் விருந்தின் நுட்பத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அந்த உணவகம் சைவ உணவகம் அன்று. ஊன் பரிமாறும் பெரிய உணவகத்தில் முழுக்கச் சைவ விருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினால் என்ன என்று காந்திக்குத் தோன்றியது. உணவக நிர்வாகி இசைந்தார். நண்பர்கள் அந்தச் சோதனையைக் கண்டு மகிழ்ந்தார்கள். விடைபெறும் நாளிலும் விருந்து வைத்தவர் தாம் யார் என்பதைக் கைவிடவில்லை. இன்னொரு செய்தியும் இதோடு சேர வேண்டும். அந்நாளில் இங்கிலாந்தில் வழக்கறிஞராவதற்குத் தேர்வுகளோடு, பருவந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சட்டக் கல்விக்கழக விருந்துகளில் கலந்துகொள்வதும் கட்டாயம். நால்வர் அடங்கிய ஒவ்வொரு மேசைக் குழுவுக்கும் இரண்டு புட்டி மது தருவார்கள். காந்தி குடிக்க மாட்டார் என்பதால் அவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள மாணவர்கள் போட்டியிட்டார்கள். கூடி உண்பதே பாதிப் படிப்பாக இருந்த ஒருவர், படிப்பு முடிந்ததும் கூடி உண்டே விடைபெற்றார்.

தேசிங்கின் பக்கத்தில் விடைபெறுதல் பல படிகளாக நடக்கிறது. கதைப்பாடல் அவனைச் சிங்கவரம் குன்றுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே பாறையில் குடைந்த குகைக்கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் போருக்கு விடை கேட்கிறான். கடவுள் விடை தர மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இன்றும் அவ்வூர் மக்கள் சொல்லும் செய்தி. பிறகு மனைவியிடம் போகிறான். இருவருக்கும் நடுவே ஒரு திரை. அந்தத் திரைக்கு இப்பால் நின்றே விடைபெறுகிறான். ஆக, ஓரிடத்தில் முகம் திரும்பிக்கொண்டது; இன்னோரிடத்தில் முகம் மறைந்திருந்தது. முகத்துக்கு முகம் நேராகப் பார்த்தவன் முகமதுகான் ஒருவனே. அவனிடம் விடைபெற வேண்டிய தேவையே எழவில்லை, அவன் கூடவே வந்தான்.

காந்தியின் பக்கத்தில் தடை வேறு வடிவில் வந்தது. விருந்தின் முடிவில் அவர் பேச எழுந்தார். சிரிப்பூட்டும் வகையில் சில வாக்கியங்களை முன்கூட்டியே எண்ணிவைத்திருந்தார். எழுத்தாளர் அடிசன் பாராளுமன்றத்தில் தம் முதல் பேச்சில் ஒரே தொடரை மூன்று முறை சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் அமர்ந்த கதையைச் சொல்லித் தொடங்குவதாகத் திட்டம். அதைக்கொண்டே தொடங்கியவருக்கு, அதற்கு மேல் எல்லாம் மறந்துபோயிற்று. அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி என்ற அளவில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டதாகத் தம் சத்திய சோதனையில் அவர் எழுதுகிறார். நாத்தடுமாறியவரைப் பற்றிய கதையைச் சொல்ல எழுந்தவரே நாத்தடுமாறினார். அங்கே திரை நெய்யப்பட்டிருந்தது. இங்கே கூச்சமே திரையாகத் தொங்கியது.

இதுவரை கண்டது இரண்டு குறைபட்ட விடைபெறுதல்கள். ஒன்றில் கடவுளும் மனைவியும் முகம் காட்டவில்லை. மற்றொன்றில் சொல் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வந்துவிட்டோமே என்று விமானத்தில் அமர்ந்து வருந்துகிற மாணவர் எவரும் இவ்விருவருக்கும் நடுவில் தமக்கோர் இடம் இருப்பதை உணரலாம். ஆனால் ஒப்பீடு இங்கே முடியவில்லை. உண்மையான திருப்பம் சாட்சிகளை விசாரிக்கும்போதுதான் வருகிறது.

ஹோல்பார்ன் விருந்துக்கு இரண்டு சாட்சியங்கள் உண்டு. ஒன்று காந்தியே எழுதியது. நிகழ்ச்சி நடந்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்து, 1920களில் எழுதியது. மற்றொன்று, 1891 ஜூன் 13 தேதியிட்ட 'தி வெஜிடேரியன்' இதழில் சுடச்சுட வந்த குறிப்பு. அந்தக் குறிப்பில் வரும் காந்தி வேறொருவர். சற்றுப் பதற்றத்தோடு பேசினாலும் பேச்சு நயமாக இருந்தது, வந்தவர்களை வரவேற்றார், சங்கத்தோடு தமக்கு உறவு ஏற்பட்ட விதத்தை விளக்கினார், ஓல்டுஃபீல்டுக்குத் தாம் பட்டிருக்கும் கடனை நெஞ்சைத் தொடும்படி எடுத்துரைத்தார் என்று அது சொல்கிறது. பேசியவர் தோல்வி என்று நினைவில் பதித்துக்கொண்ட அதே பேச்சைக் கேட்டவர்கள் நல்ல பேச்சென்று அச்சில் ஏற்றினார்கள்.

செஞ்சிக்கும் இரண்டு சாட்சியங்கள் உண்டு. ஒன்று வரலாறு. 1943இல் வெளிவந்த செஞ்சி வரலாற்று நூலில் சி.எஸ். சீனிவாசாச்சாரி திரட்டித் தந்திருக்கும் செய்திகளின் சாரம் எளிது. கோட்டை உரிமையும் கப்பப் பாக்கியும் பற்றி நவாப் சாதத்துல்லா கானோடு சச்சரவு. வெள்ளம் ஓடிய ஆற்றைக் கடந்து சிறு படையோடு தாக்குதல். துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. அரசியல் கணக்கில் அது அவசரக்கார இளைஞன் ஒருவனின் தவறான முடிவு. கோட்டைக்குள்ளேயே இருந்திருக்கலாம், பேசித் தீர்த்திருக்கலாம் என்று எவரும் சொல்லக்கூடும். மற்றொன்று கதைப்பாடல். அதில் பாராசாரி வெள்ளத்தைத் தாண்டுகிறது. முகமதுகான் முன்னே விழுகிறான். தோழனை இழந்த தேசிங்கு தன் வாளை வானில் எறிந்து, விழும்போது அதை மார்பில் ஏந்திக்கொள்கிறான். வரலாறு ஒரு வரியில் முடித்ததைப் பாட்டு விடிய விடியச் சொல்கிறது.

இரண்டையும் குறுக்காக வைத்துப் பார்த்தால் ஒரு வினோதமான மாற்று அமைப்பு தெரிகிறது. லண்டனில் உடனடியாக எழுதப்பட்டது பரிவோடு இருக்கிறது. காலம் கழித்து எழுதப்பட்டது கடுமையாக இருக்கிறது. செஞ்சியில் அன்றைய ஆட்சிக் கணக்கு கடுமையாக இருக்கிறது. காலம் கழித்துப் பிறந்த பாட்டு பரிவோடு இருக்கிறது. ஆகவே பரிவு காலத்தைப் பொறுத்து வரவில்லை. அண்மையில் நடந்ததாலும் அது வரவில்லை, பழையதாகிப் போனதாலும் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது? இரு ஊர்களிலும் விடை ஒன்றே. வழியனுப்பி நின்றவர்களிடமிருந்து வந்தது. சங்கத்து நண்பர்கள் காந்தியின் பேச்சைக் காப்பாற்றினார்கள். செஞ்சிச் சீமைக் குடிமக்கள் தேசிங்கின் பிரிவைக் காப்பாற்றினார்கள். புறப்பட்டவருடைய கணக்கும் வென்றவருடைய கணக்கும் தவறவிட்டதை, நின்றவர்கள் பிடித்துவைத்தார்கள்.

இந்த ஒற்றுமையை அறிந்தபின் ஒரு பெரிய வேறுபாட்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். செஞ்சியில் எல்லாரும் எல்லாம் அறிந்திருந்தார்கள். குறைந்தது பாட்டில் அப்படித்தான். கடவுளின் முகமே முன்னறிவிப்பு. லண்டனில் எவருக்கும் எதுவும் தெரியாது. வழக்கறிஞராக ஜூன் 10ஆம் தேதி தகுதி பெற்று, 11ஆம் தேதி உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டு, 12ஆம் தேதி கப்பலேறிய காந்தி, தாயைப் பார்க்கப்போகும் ஆவலோடு பயணம் செய்தார். தாய் அதற்கு முன்பே இறந்திருந்தார். அயலூரில் மகன் உடைந்துபோவான் என்று அஞ்சிய அண்ணன் அச்செய்தியை மறைத்து, பம்பாய்த் துறைமுகத்தில் வந்து சேர்ந்த பிறகே சொன்னார். எந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்கு ஹோல்பார்ன் விருந்தின் ஒவ்வொரு தட்டையும் தீர்மானித்ததோ, அந்தத் தாய் அவ்விருந்தின்போது உயிரோடு இல்லை.

இங்கே இரண்டு விடைபெறுதல்களும் மறுபடி நெருங்குகின்றன. தேசிங்கின் பிரிவு, தெரிந்தே போன பிரிவு என்பதால் கனக்கிறது. காந்தியின் பிரிவு, தெரியாமல் போன பிரிவு என்பதால் கனக்கிறது. பிரிகிறவர் ஒரு பிரிவை நினைத்துக்கொண்டிருக்க, வேறொரு பிரிவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். வெளிநாட்டில் படிப்பவர்களின் குடும்பங்களுக்கு இது புதிதன்று. பாட்டி இறந்த செய்தியைத் தேர்வு முடியும்வரை சொல்லாமல் வைத்திருந்த வீடுகள் நம்மில் எத்தனை! நண்பர்களை விட்டுப் பிரியும் துயரத்தை முழுமையாகப் படுவதற்குக்கூட ஊரிலிருந்து ஒருவர் நமக்காக வேறொரு துயரத்தைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

பின்னர் நடந்ததிலும் எதிரும் புதிருமான சமச்சீர் ஒன்று உண்டு. காந்தி லண்டனுக்கு மீண்டும் மீண்டும் போனார். 1931 நவம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் பேசியபோது, மாணவராக இருந்து படித்த நூலின் ஆசிரியர் ஹென்றி சால்ட் அங்கே அமர்ந்திருந்தார். நாற்பதாண்டு இடைவெளியைக் கடந்த சந்திப்பு அது. ஆனால் ஹோல்பார்ன் உணவகம் இன்று இல்லை, இடிக்கப்பட்டுவிட்டது. நண்பர்கள் மீண்டும் கூடினார்கள். கூடி உண்ட இடம் மறைந்தது. செஞ்சியில் நண்பர்கள் மீண்டும் கூடவே இல்லை. இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. கடலி என்னும் ஊர்ப் பக்கத்து வயல்வெளியில் முகமதுகானின் சமாதியைக் காட்டுகிறார்கள். கோட்டையடிவாரத்துச் செட்டிகுளக் கரையில் தேசிங்கை எரியூட்டிய மேடையையும், கணவனோடு தீப்புகுந்த ராணியின் நினைவையும் காட்டுகிறார்கள். வென்ற நவாபே அந்த ராணியின் நினைவாக ராணிப்பேட்டை என்ற ஊருக்குப் பெயரிட்டார் என்பது நெடுநாள் வழக்கு. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக்கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் ஊர்மக்கள் அந்தச் சின்னத்தைப் பார்க்க வரும் உறவினரிடம் முதலில் சொல்லத் தொடங்கும் பெயர் தேசிங்குதான்.

இந்த முடிவை ஒரு மூன்றாவது நிகழ்ச்சியில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. விடுதலை இயக்கத்தவரான வ.வே.சு. ஐயரும் லண்டனில் சட்டம் படித்தவர். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானபோது பிரிக்ஸ்டன் சிறையில் அவரைச் சென்று பார்த்தார். தமக்கும் ஆபத்து நெருங்கியபோது மாறுவேடத்தில் லண்டனை விட்டு நீங்கி, ஐரோப்பா வழியாகப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பந்தியும் இல்லை, உரையும் இல்லை, துறைமுகத்தில் கையசைக்க ஒருவரும் இல்லை. வழியனுப்புவோரே இல்லாத புறப்பாடு அது. அதை நமக்கு எடுத்துச் சொல்லும் குரலும் பெரும்பாலும் தப்பிய சாகசத்தைத்தான் சொல்கிறது. பிரிந்த நண்பர்களின் மனத்தைச் சொல்வதில்லை. நின்று பார்த்தவர் இல்லாத இடத்தில் பிரிவு பதிவாகாமலே போகிறது. நம் முடிவுக்கு இது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சான்று.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு இன்றைய மாணவரிடம் திரும்புவோம். கடைசி வாரத்தில் அவருடைய அறையைப் பார்த்தால் வேலைகள் மட்டுமே கண்ணில் படும். குக்கரை அடுத்த ஆண்டு வரும் ஜூனியருக்குக் கொடுக்க வேண்டும். வாடகை முன்பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். பெட்டி 23 கிலோவைத் தாண்டினால் ஒரு புத்தகத்தை எடுத்து வெளியே வைக்க வேண்டும். ஹைதராபாத்காரரும் லாகூர்க்காரரும் நைஜீரியரும் பொதுச் சமையலறையில் ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் சமைத்த காலம் முடிகிறது. எல்லாரும் அலைபேசியில் இருக்கிறார்களே, பிறகென்ன பிரிவு என்று ஒருவர் கேட்கிறார். கடைசி இரவில் எதுவும் சொல்ல வரவில்லையே என்று மற்றொருவர் தம்மையே நொந்துகொள்கிறார்.

முதலாமவருக்குச் செஞ்சி விடை சொல்கிறது. அலைபேசியும் ஒரு திரைதான். திரைக்கு அப்பாலிருந்து குரல் கேட்கலாம். ஆனால் முகமதுகான் ஓலைக்குப் பதில் ஓலை அனுப்பவில்லை, குதிரையேறி வந்து நின்றான். நட்பு அழைக்கும்போது நேரில் வருவதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஆகவே கடைசி வாரத்தில், வேறு வேலை இருந்தாலும், விடைபெறுபவரின் அறைக்கு நேரில் போவது நண்பர்களின் கடமை.

இரண்டாமவருக்கு ஹோல்பார்ன் விடை சொல்கிறது. சொல் வராவிட்டால் பந்தி விரிக்கலாம். காந்தியின் பேச்சு அவருடைய நினைவில் தோற்றது. அவர் வைத்த விருந்து தோற்கவில்லை. தம் வழக்கப்படி, தம் ஊர்ச் சுவையில், நண்பர்கள் அனைவரையும் ஒருமுறை உட்கார வைத்துப் பரிமாறியவர் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டார். மீதியைக் கேட்டவர்கள் தாமே நிரப்பிக்கொள்வார்கள். பேசியவரைவிடக் கேட்டவர்களே நல்ல சாட்சிகள் என்பதற்கு 1891 ஜூன் 13ஆம் தேதி இதழ் அச்சில் நிற்கிறது.

ஆகவே, விடைபெறுவது புறப்படுகிறவரின் வேலை என்று நாம் எண்ணுவது பாதிதான் சரி. அவருக்கு அன்று பெட்டியும் பயணச்சீட்டும் பதற்றமும் இருக்கின்றன. தாம் எப்படி விடைபெற்றோம் என்பதைப் பார்க்க அவருக்கு இடமில்லை. பார்க்கும் இடத்தில் நிற்பவர்கள் நண்பர்கள். அவர்கள் பார்த்ததை அவரிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் எழுதியே கொடுக்க வேண்டும். நீ அன்று என்ன சொன்னாய், எங்களுக்கு அது எப்படிக் கேட்டது, இந்த ஓராண்டில் உன்னால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். செஞ்சிக்கு அந்த வேலையைப் பாடகர்கள் செய்தார்கள். ஹோல்பார்னுக்கு ஒரு சிறிய சங்க இதழ் செய்தது. தன் கடைசிப் பேச்சு தோற்றுப்போனதாக முப்பதாண்டுக்குப் பிறகும் நம்பிக்கொண்டிருக்கும் நிலை எந்த நண்பருக்கும் வர வேண்டியதில்லை; அதைத் தடுப்பது வழியனுப்புகிறவர்கள் கையில் இருக்கிறது.